பக்வீட்: மில்லுல என்ன போகுது, சூட்டுல என்ன மிஞ்சுது

கோலாலம்பூர்ல இப்ப பக்வீட் வாங்குறது கஷ்டமே இல்ல. பேக்கரி சாமான் விக்கிற கடைல பச்சை நிறத்துல முக்கோண மணி கிடைக்கும், ரஷ்யா பக்கத்துலருந்து வர்ற பாக்கெட்ல அதே மணி நல்ல பழுப்பா இருக்கும், மஸ்ஜித் இந்தியா பக்கம் வடநாட்டுச் சாமான் வெச்சிருக்கிற கடைல குட்டு மாவுன்னு கேட்டா சாம்பல் நிறத்துல ஒரு மாவு குடுப்பாங்க, ஜப்பான் சூப்பர்மார்க்கெட்ல சோபா நூடுல்ஸ், சீன மருந்துக் கடைல வறுத்த கசப்பு பக்வீட் டீ. அஞ்சுக்கும் பேரு பக்வீட் தான். ஆனா உள்ள இருக்கிற சத்து அஞ்சுலயும் ஒண்ணு கிடையாது, சிலதுல வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்ல, பல மடங்கு.

சென்தூல்ல இருக்கிற எங்க அத்தை, இனிப்புநீர் இருக்கிறவங்க, கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி: "ஏய்யா, பச்சையா இருக்கறது வாங்கட்டா, வறுத்தது வாங்கட்டா, இல்ல மாவாவே வாங்கிட்டா போதுமா?" நெட்ல தேடினா ஒரே பதில் தான் வருது, பச்சையா இருக்கிறது நல்லது, சூடு பட்டா சத்து போயிடும்னு. அது பாதி கூட சரியில்ல. இந்தத் தானியத்துல சத்தை அதிகமா எடுக்கிறது பெரும்பாலும் சூடு இல்ல, சல்லடையும் தண்ணியும் தான், சூடு சில இடத்துல சத்தைக் காப்பாத்தவே செய்யுது. அதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

முதல்ல மணியோட அமைப்பு. பக்வீட் பேருல கோதுமை இருந்தாலும் அது புல் வகையே கிடையாது, ருபார்ப் செடியோட குடும்பம், கோதுமைல இருக்கிற குளூட்டன்ங்கற புரதம் இதுல கிடையாது. காய் முக்கோணமா, கருப்பு இல்லன்னா கரும்பழுப்பு உமியோட இருக்கும், மொத்த எடைல சுமாரா 20லருந்து 30 சதவீதம் அந்த உமி தான், அதுல நாரும் லிக்னினும் தவிர நமக்கு சாப்பிட ஒண்ணும் இல்ல, அதனாலதான் அதை தலகாணிக்குள்ள அடைக்கிறாங்க. உமியை எடுத்தா உள்ள மெல்லிசா ஒரு விதைத்தோல், அதுக்குக் கீழ ஒரே அடுக்கா அலியூரோன்ங்கற மெல்லிசான உள்தோல், அதுக்குள்ள மாவுச்சத்து. இதுவரைக்கும் அரிசி, கோதுமை மாதிரிதான் தோணும். வித்தியாசம் எங்கன்னா முளைக்கருல. அரிசிலயும் கோதுமைலயும் முளைக்கரு ஒரு ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், தீட்டினா அது தனியா வந்துடும். பக்வீட்ல அந்தக் கரு ரெண்டு இலையா அகலமா, மாவுச்சத்துக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு மடிஞ்சு போயிருக்கும், ஓரம் வரைக்கும் வந்து தொடும். புரதமும் கொழுப்பும் முக்கியமா அந்தக் கருலயும் அலியூரோன்லயும் இருக்கு. அதனால உமி மட்டும் எடுத்த முழு மணில சத்து கிட்டத்தட்ட அப்படியே இருக்கு, அரிசியைத் தீட்டுற மாதிரி இதைத் தீட்டி வெள்ளையாக்கி சத்தைத் தொலைக்கிறது அவ்வளவு சுலபம் இல்ல. தொலையுறது மாவா அரைச்சு சலிக்கும்போது.

அரைக்கும்போது என்ன நடக்குதுன்னா, நடு மாவுச்சத்து பொடபொடன்னு இருக்கும், முதல் அழுத்தத்துலயே உடைஞ்சு நைஸ் மாவா விழும். கருவும் விதைத்தோலும் கொஞ்சம் ஜவ்வுத்தன்மை, பெரிய துண்டாவே நிக்கும். ஜப்பான்ல மில்லுக்காரங்க இதை நல்லா புரிஞ்சு வெச்சிருக்காங்க, முதல்ல விழுறதை ஒண்ணாம் மாவு, அடுத்தது ரெண்டாம் மாவு, அப்புறம் மூணாம் மாவுன்னு தனித்தனியா பிரிப்பாங்க. ஒண்ணாம் மாவு வெள்ளையா, லேசா இனிப்பா இருக்கும், சராசினான்னு சொல்ற வெள்ளை சோபா அந்த மாதிரி உள்பக்க மாவுலதான் வருது, விலை ஜாஸ்தி, பாக்க அழகு. மூணாம் மாவு கருத்து, வாசனை தூக்கலா, கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும். சத்துன்னு பாத்தா கணக்கு தலைகீழ். நைஸ் வெள்ளை மாவுல புரதம் சுமாரா 6, 7 சதவீதம் தான், மாவுச்சத்து 75 சதவீதம் பக்கம். அதே மணிலருந்து சல்லடைல நிக்கிற தவிட்டுல, அதாவது விதைத்தோலும் கரு துண்டும் சேந்ததுல, புரதம் 35 சதவீதம் வரைக்கும் போகுது, மாவுச்சத்து 20க்கும் கீழ. ஒரே மூட்டைலருந்து வந்த ரெண்டு மாவு இது. முழு மணிய எடுத்துக்கிட்டா புரதம் 11லருந்து 13 சதவீதம், ரெண்டுக்கும் நடுவுல.

மெக்னீசியமும் அப்படித்தான். முழு மணிய அரைச்ச மாவு 100 கிராம்ல சுமாரா 250 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கு, நம்ம வெள்ளை அரிசில 25 பக்கம் தான். இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தைப் பாத்துதான் நிறைய பேர் பக்வீட்டுக்கு மாறுறாங்க, தப்பே இல்ல, ஆனா அந்த 250 தவிடும் கருவும் சேந்த மாவுக்குத்தான் பொருந்தும், சலிச்ச வெள்ளை மாவுக்கு இல்ல. துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு எல்லாம் வெளிப்பக்கத்துலயும் கருலயும் குவிஞ்சிருக்கிற சமாச்சாரம். இன்னொண்ணு, தாதுவை சூடு ஒண்ணும் பண்ண முடியாது, நெருப்புல போட்டாலும் மெக்னீசியம் மெக்னீசியமாவே இருக்கும். அதை எடுக்குறதுக்கு ரெண்டே வழி, ஒண்ணு சல்லடை, இன்னொண்ணு வடிச்சு கொட்டுற தண்ணி.

சரி, தவிடு நல்லதுன்னா தவிட்டை மட்டும் வாங்கி சாப்பிடலாமான்னு கேட்டா, அங்கயும் ஒரு சிக்கல். ஃபைடேட்டும் அங்கதான் குவிஞ்சு கெடக்கு. ஃபைடேட் இரும்பு, துத்தநாகம் மாதிரி தாதுக்களைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்பு எடுத்துக்க விடாது. டானின் இருக்கறதும் வெளித்தோல் பக்கம், அது புரதத்தோட ஒட்டிக்கிட்டு செரிமானத்தைக் குறைக்கும். அதனால லேபிள்ல இருக்கிற மில்லிகிராம் எல்லாம் ரத்தத்துக்குப் போயிடும்னு நினைக்கக்கூடாது. இதுக்கு மருந்து சமையல்ல இருக்கு, பின்னால வர்றேன்.

இந்த இடத்துல நம்ம ஊர் சரித்திரம் ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா மில்லும் சூடும் சேந்து மனுஷனோட உயிருக்கு என்ன பண்ணும்னு உலகத்துக்குத் தெளிவா காட்டின இடங்கள்ல ஒண்ணு இதே கோலாலம்பூர். 1900 வாக்குல மலாயாவுல நரம்பையும் இருதயத்தையும் தாக்குற பெரிபெரி நோய் ஈயச் சுரங்கத்துல வேலை செஞ்ச சீனத் தொழிலாளிகளை வாரிக்கிட்டுப் போச்சு. அதே காலத்துல தோட்டத்துலயும் ரோட்டு வேலைலயும் இருந்த தமிழங்களுக்கு அந்த நோய் அரிதா தான் வந்துச்சு. நெகிரி செம்பிலான்ல டாக்டரா இருந்த பிராடன் இதைக் கவனிச்சாரு, சீனவங்க சாப்பிட்டது தீட்டின வெள்ளை அரிசி, தமிழங்க சாப்பிட்டது ஊர்லருந்து வந்த புழுங்கல் அரிசி. அப்புறம் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் 1905லருந்து 1906 வரைக்கும் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனைல நோயாளிகளை ரெண்டு பிரிவா பிரிச்சு ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, ஒரு பிரிவுக்கு புழுங்கல் அரிசி குடுத்துப் பாத்தாரு. வெள்ளை அரிசி சாப்பிட்ட பக்கம் பெரிபெரி பரவி ஆளுங்க செத்தாங்க, புழுங்கல் பக்கம் புதுசா நோயே கிட்டத்தட்ட இல்ல. இன்னைக்கு அந்த மாதிரி பரிசோதனையை யாரும் அனுமதிக்க மாட்டாங்க, அனுமதிக்கவும் கூடாது, ஆனா அந்த ஆளுங்க உயிரைக் குடுத்துத்தான் நமக்கு இந்த அறிவு வந்துச்சுங்கறதை மறக்கக்கூடாது. அதுக்கப்புறம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துல இருந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலெபு பக்கம் ஜாவாத் தொழிலாளிகள் மத்தியில சோதிச்சு, தீட்டும்போது போற தவிட்டுலதான் அந்த காக்குற சத்து இருக்குன்னு நிரூபிச்சாங்க. அந்தச் சத்துக்கு பின்னால வந்த பேருதான் வைட்டமின் பி1.

புழுங்கல் அரிசில நடக்கிறது என்ன? நெல்லை உமியோட ஊற வெச்சு அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற பி1 தண்ணியோட சேந்து உள்பக்க அரிசிக்குள்ள இறங்குது, மாவுச்சத்து வெந்து இறுகி அதைப் பிடிச்சுக்குது, அப்புறம் தீட்டினாலும் அது முழுசா போறதில்ல. அதாவது பி1 சூட்டுக்குக் கொஞ்சம் தாங்காத வைட்டமின் தான், ஆனா மில்லுக்கு முன்னாடி குடுத்த சூடு அதைக் காப்பாத்திடுச்சு. சூடு எவ்வளவுங்கறதை விட எப்ப, எந்த நிலைல குடுக்கறாங்கங்கறது தான் விஷயம்.

பக்வீட்லயும் கிட்டத்தட்ட இதே வேலை நடக்குது. ரஷ்யாவுலயும் அக்கம்பக்கத்துலயும் கிரெச்காங்கற பழுப்பு மணி இருக்கே, அது வெறும் சட்டில வறுத்தது இல்ல, பெரும்பாலும் உமியோடயே நீராவில அழுத்தம் குடுத்து அவிச்சு, காய வெச்சு, அப்புறம் உமி உரிக்கிறது. நம்ம புழுங்கல் நெல்லு செய்முறைக்கு ரொம்ப நெருக்கம். ஆனா இங்க ஒரு வித்தியாசம் இருக்கு, முழு மணியா விக்கிற பக்வீட்ல கருவையும் தவிட்டையும் யாரும் தீட்டி எடுக்கறதில்லங்கறதால பி1ஐ உள்ள தள்ள வேண்டிய அவசியம் பெரிசா இல்ல. நீராவியோட வேலை வேற மூணு. உமி சுலபமா வெடிச்சு கழண்டு மணி உடையாம வரும். மாவுச்சத்து ஓரளவு முன்னாடியே வெந்துடறதால சமைக்க நேரம் கம்மி, மணி மணியா பொலபொலன்னு வரும். மூணாவதுதான் எனக்கு முக்கியமா படுது, லிபேஸ் மாதிரி நொதிகள் செத்துப் போகும்.

லிபேஸ் விஷயத்தை நம்ம ஊர் வெயிலுக்கு கவனமா பாக்கணும். பக்வீட்ல கொழுப்பு 3 சதவீதம் பக்கம் தான், ஆனா அதுல முக்காவாசி நிறைவுறாக் கொழுப்பு, ஒலீக், லினோலீக் வகை. மணி முழுசா இருக்கிற வரைக்கும் கொழுப்பும் நொதியும் தனித்தனி அறைல இருக்கிற மாதிரி. அரைச்ச உடனே ரெண்டும் சேந்துடும், லிபேஸ் கொழுப்பை உடைக்கும், காத்துல ஆக்சிஜன் சேரும், மாவு சிக்கு வாசனை அடிக்க ஆரம்பிக்கும், கூடவே வைட்டமின் இ-யும் குறையும். ஜப்பான்ல குளிர்காலத்துல நடக்கறது வேற, நம்ம ஊர்ல 30 டிகிரிக்கு மேல வெயிலும் ஈரக்காத்தும் வருஷம் பூரா. வட இந்தியாவுல நவராத்திரி விரதத்துக்கு குட்டு மாவு சாப்பிட்டு ஆளுங்க கூட்டமா ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி பல வருஷம் வந்திருக்கு, அதுல பழைய மாவு, கெட்டுப்போன மாவு, கலப்படம்னு காரணம் சொல்றாங்க. அதனால மாவா வாங்கினா சின்னப் பாக்கெட்டா வாங்குங்க, தேதி பாருங்க, வீட்டுக்கு வந்ததும் காத்து போகாத டப்பால போட்டு ஃபிரிட்ஜ்ல, முடிஞ்சா ஃபிரீசர்ல வைங்க. மோந்து பாத்தா பழைய எண்ணெய் வாசனை வந்தா 20 வெள்ளி குடுத்து வாங்கினதா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க. முழு மணியா வாங்கி வீட்டு மிக்சில வேணுங்கறப்ப அரைச்சுக்கறது எல்லாத்தையும் விட நல்லது, பக்வீட் மிருதுவான மணி, மிக்சி சுலபமா அரைச்சிடும், ஆனா ஓட்டிக்கிட்டே இருந்தா மாவு சூடாயிடும், விட்டு விட்டு அரைக்கணும். ஜப்பான்ல கல் இயந்திரத்தை மெதுவா சுத்த விடறதுக்கும் இதான் காரணம், வேகமா சுத்தினா உரசுற சூட்டுல வாசனை பறந்துடும்.

இப்ப வறுக்கிறது. நீராவில அவிக்கிறதும் வறட்டுச் சூட்டுல வறுக்கிறதும் ஒண்ணு இல்ல. பக்வீட்டோட பெரிய பெருமையே அதுல இருக்கிற லைசின் தான். அரிசிலயும் கோதுமைலயும் லைசின்ங்கற அமினோ அமிலம் கம்மி, அதனாலதான் நம்ம முன்னோருங்க சோத்தோட பருப்பு சேத்தாங்க. பக்வீட் புரதத்துல லைசின் கோதுமையை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா நல்லா பழுப்பாகுற வரைக்கும் வறுக்கும்போது அந்த லைசின் சர்க்கரையோட சேந்து மெயிலார்டு வினைங்கற வினைல மாட்டிக்கும், நமக்கு மூக்கைத் துளைக்கிற அந்த வறுத்த வாசனையும் நிறமும் அதுலருந்துதான் வருது. வாசனைக்கு நாம குடுக்கற விலை கொஞ்சம் லைசின். லேசா நிறம் மாற்ற வரைக்கும் வறுத்தா இழப்பு சின்னது, கருப்பா ஆகற வரைக்கும் வறுத்தா கணிசம். பி1க்கும் அதே கதை, ஃபோலேட்டுக்கும் அதே கதை. நியாசின் மட்டும் சூட்டை நல்லா தாங்கும்.

ஆன்ட்டிஆக்சிடென்ட் போயிடும்னு பயப்படறவங்களுக்கு ஒரு சேதி, கருப்பு பக்வீட் மாவை 200 டிகிரில 10 நிமிஷம் வறுத்துப் பாத்த ஆராய்ச்சில ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற திறன் லேசா தான் குறைஞ்சது. அதனால வீட்டுல தோசைக்கல்லுல ரெண்டு மூணு நிமிஷம் வறுக்கிறதுக்கு யாரும் கவலைப்பட வேணாம்.

ருட்டின் பத்தி தனியா சொல்லணும், இங்கதான் சூடு பத்தின பேச்சு முழுசா தலைகீழாகுது. ருட்டின் ஒரு ஃபிளேவனாய்டு, செடில இருக்கிற ஒரு வகை ஆன்ட்டிஆக்சிடென்ட், ரத்தக்குழாய்க்கு நல்லதுன்னு சொல்லி பக்வீட்டை விக்கறதே அதை வெச்சுதான். சாதாரண பக்வீட் மணில அது 100 கிராமுக்கு சில பத்து மில்லிகிராம் அளவுல தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் வெளிப்பக்கத்துலயும் கருலயும், வெள்ளை மாவுல ரொம்ப சொற்பம். கசப்பு பக்வீட்னு ஒரு இனம் இருக்கு, டார்ட்டரி வகை, சீனாவுல யுன்னான், சிச்சுவான் மலைப்பகுதிலயும் இமயமலைப் பக்கமும் விளையுது, அதுல ருட்டின் எடைல 1 சதவீதம், சிலதுல அதுக்கும் மேல. அதாவது 100 கிராமுக்கு 1000 மில்லிகிராம் பக்கம். பெட்டாலிங் ஸ்ட்ரீட் சுத்தியிருக்கிற சீனக் கடைகள்ல கிடைக்கிற பக்வீட் டீ பெரும்பாலும் இந்த வகை தான்.

ஆனா இந்த டார்ட்டரி மணிக்குள்ளயே ருட்டினை உடைக்கிற நொதி ஒண்ணும் ரொம்ப வீரியமா இருக்கு. காஞ்ச மாவா இருக்கிற வரைக்கும் அது தூங்கும். தண்ணி ஊத்தி பிசைஞ்சா சில நிமிஷத்துலயே ருட்டின்ல பெரும்பங்கு உடைஞ்சு குவெர்செட்டின்ங்கற வேற ஒரு ஃபிளேவனாய்டு ஆயிடும், கூடவே கடுமையான கசப்பும் வரும். பச்சை டார்ட்டரி மாவுல தோசை ஊத்தி வாய்ல வெக்க முடியலன்னு சொல்றவங்க அனுபவிக்கிறது இதைத்தான். குவெர்செட்டின் உபயோகம் இல்லாத பொருள்னு சொல்ல வரல, அதுக்கும் நல்ல குணம் இருக்கு, ஆனா பாக்கெட்ல ருட்டின்னு எழுதி விக்கறதுக்கும் நாம சாப்பிடறதுக்கும் சம்பந்தம் இல்லாம போயிடுது. அதே மணிய முதல்ல நீராவில நல்லா அவிச்சுட்டா நொதி செயலிழந்துடும், அப்புறம் தண்ணி பட்டாலும் ருட்டின் பெரும்பாலும் அப்படியே நிக்கும், கசப்பும் குறையும். டீக்கு வர்ற மணிய அவிச்சு வறுத்து விக்கிறதுல இந்த லாபமும் இருக்கு. ஜப்பான்ல மந்தென்-கிராரின்னு ஒரு ரகத்தையே இந்த நொதி ரொம்பக் குறைவா இருக்கிற மாதிரி உருவாக்கியிருக்காங்க, அந்தளவுக்கு இது பெரிய பிரச்சனை. பச்சையா ஊற வெச்சு சாப்பிட்டா தான் முழு சத்துன்னு சொல்றவங்க டார்ட்டரி விஷயத்துல நேர் எதிரா சொல்லிக்கிட்டிருக்காங்க.

அடுத்தது மாவுச்சத்து, இனிப்புநீர் இருக்கிற வீட்டுக்கு இதுதான் தலையாய விஷயம். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவுல வயசு வந்தவங்கள்ல 15.6 சதவீதத்துக்கு நீரிழிவு இருக்கு, நம்ம இந்திய சமூகத்துல அது இன்னும் மோசம்னு ஒவ்வொரு ஆய்வும் சொல்லிக்கிட்டே வருது. பச்சை பக்வீட் மணில மாவுச்சத்துல ஒரு நல்ல பங்கு செரிக்காம பெருங்குடலுக்குப் போற வகை, அதைத்தான் எதிர்ப்பு மாவுச்சத்துன்னு சொல்றாங்க. வேக வெச்சா அந்தப் பங்கு கிடுகிடுன்னு குறையும், தப்பிக்க முடியாது, யாரும் பச்சையா மென்னு தின்னப் போறதும் இல்ல. ஆனா வெந்ததை ஆற விட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சா மாவுச்சத்து திரும்ப இறுகி கொஞ்சம் எதிர்ப்பு மாவுச்சத்து திரும்ப உருவாகும். நீராவில அவிச்சுக் காய வெச்ச கிரெச்கால இந்த வேலை ஃபாக்டரிலயே ஒரு தடவை நடந்து முடிஞ்சிருக்கு. இதை விட பெரிய வித்தியாசம் மணிக்கும் மாவுக்கும் நடுவுல. முழு மணில செல் சுவர் உடையாம இருக்கு, செரிமான நொதி உள்ள போக நேரம் எடுக்கும், ரத்தச் சர்க்கரை மெதுவா ஏறும். அதே மணிய நைஸா அரைச்சு கஞ்சி வெச்சா வேகமா ஏறும். அதனால அத்தைக்கு நான் சொன்னது, பச்சையா பழுப்பாங்கற யோசனையை விட்டுட்டு முதல்ல மணியா வாங்குங்க, மாவு வேணாம், சோத்துக்கு பதிலா அளந்து சாப்பிடுங்க, மாத்திரையோ ஊசியோ எடுத்தா சர்க்கரையை சோதிச்சுப் பாத்துக்கிட்டே மாத்துங்கன்னு. இது மருந்து கிடையாது, சோறு தான்.

அளந்துன்னு சொல்லும்போது இன்னொரு குழப்பத்தையும் தீத்துடறேன். பாக்கெட்ல போட்டிருக்கிறது காஞ்ச மணியோட கணக்கு. வேகும்போது அது தண்ணி குடிச்சு மூணு மடங்கு போல ஊதும். வறுத்த மணிய வேக வெச்சு 100 கிராம் எடுத்தா அதுல புரதம் 3.4 கிராம், மெக்னீசியம் 50 மில்லிகிராம் பக்கம், சக்தி 92 கலோரி. சூட்டுல சத்து போயிடுச்சுன்னு சிலர் காஞ்ச மணியோட கணக்கையும் வெந்த மணியோட கணக்கையும் பக்கத்துல வெச்சு காட்டுறாங்க, அது பெரும்பாலும் தண்ணி சேந்த கணக்கு, இழப்பு இல்ல.

உண்மையான இழப்பு வடிக்கும்போது. பி வைட்டமின்கள், பொட்டாசியம், கொஞ்சம் ருட்டின், கொஞ்சம் புரதம் கூட கரைஞ்சு தண்ணில போகும். பக்வீட் புரதம் நிறைய தண்ணிலயும் உப்புத் தண்ணிலயும் கரையிற வகை, கோதுமை மாதிரி ஒட்டிப் பிடிச்சு நிக்காது. ஜப்பான்காரங்க சோபா வேக வெச்ச தண்ணியை கொட்ட மாட்டாங்க, சாப்பிட்டு முடிச்சதும் அதை சூடா தொட்டுக்கிற சாறோட கலந்து குடிப்பாங்க, நாம கஞ்சித்தண்ணி குடிச்ச மாதிரியே. மணிய நீங்க வேக வெச்சா அளவா தண்ணி வெச்சு, ஒரு பங்கு மணிக்கு ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் கம்மியா, வத்துற மாதிரி வைங்க, வடிக்காதீங்க. சோபா பாக்கெட் வாங்குறவங்க பின்பக்கத்தைத் திருப்பிப் பாக்கணும், பொருள் பட்டியல்ல கோதுமை மாவு முதல்ல இருந்தா பக்வீட் அதுல துணைக்குத்தான் வந்திருக்கு, குளூட்டன் ஆகாதவங்க தொடவே கூடாது.

ஃபைடேட்டுக்கு மருந்து சமையல்ல இருக்குன்னு சொன்னேன்ல, அது நம்ம தோசை மாவு. சூட்டுக்கு ஃபைடேட் அவ்வளவா அசையாது, வறுத்தாலும் வேக வெச்சாலும் பெரும்பகுதி நிக்கும். அதை உடைக்கிறது ஃபைடேஸ்ங்கற நொதி, அதுக்கு ஈரம் வேணும், லேசான புளிப்பு வேணும், நேரம் வேணும். பச்சை மணிய உளுந்தோட ஊற வெச்சு அரைச்சு ராத்திரி பூரா புளிக்க விட்டா மூணும் அங்க இருக்கு. இதுக்கு பச்சை மணி தான் நல்லது, ஏன்னா அவிச்ச பழுப்பு மணில அந்த நொதியும் செத்திருக்கும், உளுந்துலயும் புளிப்புலயும் வர்றதை மட்டும் நம்பணும். ஊறும்போது தண்ணி வழவழன்னு கொழகொழப்பா ஆகும், கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க, பக்வீட்டோட இயல்பு, ஒரு தடவை அலசிட்டு அரைங்க. நம்ம சூட்டுக்கு ஆறேழு மணி நேரத்துலயே பொங்கிடும். முளை கட்டுறதுக்கும் பச்சை மணி தான், அவிச்சது முளைக்காது. கடைக்காரர் பச்சைன்னு சொல்லி குடுத்தது நெஜமாவே சூடு படாததான்னு சந்தேகம் இருந்தா ஒரு கைப்பிடி ஈரத்துணில கட்டி வெச்சுப் பாருங்க, ரெண்டு நாள்ல முளை விட்டா பச்சை தான். முளை வந்ததையும் வேக வெச்சே சாப்பிடுங்க, இந்த ஊர் ஈரச்சூட்டுல கிருமியும் கூடவே முளைக்கும்.

ட்ரிப்ஸின் தடுப்பான்னு புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருளும் பக்வீட்ல இருக்கு, அதுவும் சூட்டுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமா நிக்கும், ஈரச்சூட்டுல தான் நல்லா குறையும். பச்சை மணிய ராத்திரி ஊற வெச்சு அப்படியே பழத்தோட அடிச்சு குடிக்கிற பழக்கம் இப்ப பரவுது, வயிறு உப்புது, பொருமுதுன்னு சொல்றவங்களுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், வேக வெச்சு சாப்பிட்டுப் பாருங்க.

கடைசியா, மில்லாலயும் சூட்டாலயும் தீராத ஒண்ணு அலர்ஜி. பக்வீட் அலர்ஜி எல்லாருக்கும் வர்றது இல்ல, ஆனா வந்தா கடுமையா வரும், மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். ஜப்பான்லயும் கொரியாவுலயும் லேபிள்ல இதைக் கட்டாயம் எழுதணும்னு சட்டமே இருக்கு. அதுக்குக் காரணமான புரதங்கள்ல ஒண்ணு வேக வெச்சாலும் வயித்து நொதிக்கும் அசையாத சின்னப் புரதம், அதனால நல்லா வேக வெச்சா சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மாவு தூசி மூக்குல ஏறினாலும், உமி அடைச்ச தலகாணில படுத்தாலும் சிலருக்கு வந்துடும். வீட்டுல முதல் தடவை சமைக்கிறவங்க, அதுவும் ஆஸ்துமா இருக்கிற பிள்ளைங்க இருந்தா, ஒரு கரண்டியோட ஆரம்பிங்க, உதடு வீங்குதா, தோல்ல தடிப்பு வருதான்னு பாருங்க, வந்தா நிறுத்திட்டு கிளினிக் போங்க, மூச்சு இழுத்தா தாமதிக்காம 999க்கு அடிங்க. அதே எண்ணெய்ச் சட்டில, அதே மிக்சி ஜார்ல அரைச்ச மத்த மாவும் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு ஆகாது, ஜாரைத் தனியா வெச்சுக்குங்க.